அத்தான் என்றொரு புரோகிராம்

வாடிக்கையாளர்கள் அனுப்பும் புரோகிராம்களை எங்கள் கணினிகளில் ஓட்டிக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். சில, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். சில முடியவே முடியாமல் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றும். அப்படிச் சுற்றுவதைக் கண்டுபிடித்து நிறுத்துவது என் வேலை. ஆனால் வீணாகச் சுற்றுகிறதா, மெதுவாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? போன மாதம் ஒன்றை நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும் என்று அதன் சொந்தக்காரர் போனிலேயே என்னை வறுத்தெடுத்தார்.

மேலாளர் கூப்பிட்டார்.

"தம்பி, ஓட்டிப் பார்க்காமலே, படிச்சுப் பார்த்து, இது நிக்கும், இது நிக்காதுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு எழுதுங்க. எதைக் குடுத்தாலும் சொல்லணும். வெள்ளிக்கிழமை பார்க்கலாம். உங்களை நிரந்தரம் பண்றதையும் அன்னைக்கே முடிவு பண்ணிடலாம்."

"ஆகட்டும் மேடம்" என்றேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம். நிரந்தரம் ஆகாவிட்டால் இந்த நாட்டில் தங்க எனக்கு அனுமதி கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்படிச் சோதித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். சின்னப் புரோகிராம்களுக்கு டக்கென்று பதில் சொன்னது. கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதியதைக் கொடுத்தால் திருதிருவென்று விழித்தது. ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை. வியாழன் சாயங்காலம் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கான செய்தியை வாயால் சொன்னேன். போன் எழுதிக்கொண்டது. முதல் பாதியை பஸ் ஹாரன் விழுங்கிவிட்டது. அக்காவுக்குப் போனது இவ்வளவுதான்: "நிக்குமா நிக்காதான்னே தெரியலக்கா. நாளைக்குத்தான் தெரியும்."

நான் இறங்குவதற்குள் அழைத்துவிட்டாள்.

"என்னடா இது, வேலை நிக்குமா நிக்காதான்னா? போயிடுமாங்கிறியா, நிலைச்சு நிக்குமாங்கிறியா? நான் எதுக்கு அழறது?"

"வேலை இல்லக்கா. புரோகிராம்."

"சரி, அது நின்னா நல்லதா, நிக்காட்டி நல்லதா?"

"நின்னாத்தான் நல்லது. முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

"என்ன பொழப்போ போ."

பக்கத்திலிருந்து அத்தான் போனைப் பிடுங்கினார். "மாப்ள, எனக்கும் சொல்லு."

"எந்தப் புரோகிராமைக் குடுத்தாலும், அது ஒரு நாள் முடியுமா முடியாதான்னு முன்கூட்டியே சொல்லணும் அத்தான்."

"அவ்வளவுதானே? என்னைச் சொல்லு பார்ப்போம். நான் இப்ப போனை வைப்பேனா, மாட்டேனா?"

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் அக்கா.

குடை எடுத்துப் போங்கள் என்றால் நனைந்துகொண்டு வருவார் அத்தான். வேண்டாம் என்றால் வெயிலில் விரித்துக்கொண்டு கிளம்புவார். எல்லாம் ஏட்டிக்குப் போட்டி.

"வைப்பீங்க" என்றேன்.

"அப்ப வைக்க மாட்டேன். சாப்பிட்டியா? ரூம் ரொம்பக் குளிருதா? பக்கத்து ரூம்காரன் இன்னும் குறட்டை விடுறானா?"

"சரி, வைக்க மாட்டீங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவன் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டேன். அத்தான் என்ன செய்வார் என்று மனதுக்குள் சரியாக ஊகித்துவிடலாம். அவரிடம் சொன்னால்தான் தப்பாகிவிடுகிறது. பதிலைக் கேட்டுவிட்டுத் தலைகீழாகச் செய்கிறார். ஒரு புரோகிராமும் அப்படிக் கேட்டால்?

வெள்ளிக்கிழமை மேலாளர் அறையில் என் சோதனைப் புரோகிராமைத் திறந்தேன். அதன் பக்கத்தில் புதிதாக எழுதிய இன்னொன்று.

"இது என்ன பேரு, 'அத்தான்'?"

"அக்கா வீட்டுக்காரர் மேடம். இதுக்குள்ள நம்ம சோதனைப் புரோகிராமையே வெச்சிருக்கேன். அத்தான் அதுகிட்ட, 'நான் நிப்பேனா'ன்னு கேக்கும். 'நிப்பே'ன்னு சொன்னா சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். 'நிக்க மாட்டே'ன்னு சொன்னா உடனே நின்னுடும்."

மேலாளர் திரையை நெருங்கிப் படித்தார். "அப்ப என்ன பதில் சொன்னாலும் தப்பு."

"ஆமா மேடம்."

"பதிலே சொல்லாம யோசிச்சுக்கிட்டே இருந்தா?"

"எதைக் குடுத்தாலும் சொல்லணும்னு கேட்டிருந்தீங்களே."

"சரி, இந்த அத்தான் முகத்தைப் பார்த்தா மட்டும் பதிலை மாத்திச் சொல்லுன்னு ஒரு வரி சேர்த்திடலாமே."

"சேர்க்கலாம். ஆனா அந்தப் புது வரியோட சேர்த்து உள்ள வெச்சு இன்னொரு அத்தானை எழுதிடுவேன்."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "உங்களால முடியலையா, யாராலயும் முடியாதா?"

"யாராலயும் மேடம். ஆனா 'தெரியலை'ன்னு ஒரு பதிலுக்கு இடம் குடுங்க. அப்ப தப்பே சொல்லாத ஒண்ணை எழுதலாம். தெரிஞ்சதுக்குப் பதில் சொல்லும். தெரியாததை நாம உக்காந்து பார்த்துக்கலாம்."

"வர்றதுல பாதிக்கு மேல 'தெரியலை'ன்னு சொன்னா?"

"அதைக் குறைச்சுக்கிட்டே போகலாம். ஒண்ணுமே இல்லாம மட்டும் ஆக்க முடியாது."

"அப்ப இந்த வேலை முடியவே முடியாதுன்னு சொல்றீங்க."

நான் தலையாட்டினேன்.

"முடியாத வேலைக்குத் தற்காலிக ஆளை வெச்சு என்ன பண்றது? உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லிடறேன், போங்க. அத்தானை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போங்க."

என் இருக்கைக்கு வந்து தண்ணீர் குடித்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேலாளர் ஏதோ ஒரு வரியை அடித்துச் சேர்த்து, திரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி அழித்தார். மறுபடியும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.