நான்காவது ஃபீடர்

பகல் இரண்டு மணிக்குத் தொலைபேசி அலறியது. துணை மின்நிலையத்தின் ஆபரேட்டரான அவள் தயங்கித்தான் அதை எடுத்தாள். மூன்று நாளாக அந்த மணி நல்ல செய்தி எதையும் கொண்டுவந்ததில்லை.

"ஏம்மா, நாலாவது ஃபீடர ஆஃப் பண்ணு. ரெண்டு மணி நேரம்," என்றார் தலைமை அலுவலகத்துப் பொறியாளர்.

"காலையில அதத்தான சார் நிறுத்தினோம். இப்பதான் கரன்ட் குடுத்திருக்கேன்."

"ஆத்துத் தண்ணி கொதிக்குதும்மா. அனல் நிலையத்துல மெஷினக் குளிர வைக்க முடியல, பாதிதான் ஓட்டுறாங்க. நான் என்ன, ஆத்துல ஐஸா கொட்ட முடியும்?"

தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்துக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமுறை தலைமுறையாக நிலக்கரியை எரித்து வானத்தைச் சூடாக்கியவர்கள், அந்தச் சூட்டில் ஆறு கொதித்ததும் ஆற்றின்மேல் பழியைப் போடுகிறார்கள்.

நான்காவது ஃபீடர் மின்சாரம் கொண்டுபோகும் தெருக்களில்தான் அண்ணன் வீடு. நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருக்கும் அண்ணன். மின்சாரம் போனால் மெஷினின் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும். காலை மின்வெட்டில் அதுவும் தீர்ந்துபோயிற்று என்று அண்ணி சொல்லியிருந்தாள். மறுபடி ஏறுவதற்கு அவகாசமே இல்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் அந்தத் தெருவின் மாடிகளில் சூரியத் தகடுகளும், தெருவுக்குப் பொதுவாக ஒரு பேட்டரி அறையும் கேட்டு மனு எழுதியவள் இவள்தான். "ஆற்றுநீர் நிரந்தரமானது, வெயில் நம்பத்தக்கதன்று, மாற்று ஏற்பாடு தேவையில்லை" என்று கையொப்பமிட்டுத் திருப்பியனுப்பியவர் இதே பொறியாளர். இன்று அந்த நம்பத்தகாத வெயில் மொட்டைமாடிகளை வறுத்தெடுக்கிறது. நிரந்தரமான ஆற்றிலோ மீன்கள் செத்து மிதக்கின்றன.

"ஒண்ணாவது ஃபீடர நிறுத்தலாமே சார்? பட்டியல்படி அதோட முறை முந்தாநாளே வந்தாச்சு, இன்னும் நிறுத்தல."

"அது நம்ம ஆபீஸ் லைன்மா! வெப்ப அலை பத்தி மீட்டிங் நடக்குது. பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க."

"ஏசி போட்டுக்கிட்டா?"

"வாய் ரொம்ப நீளுது. உங்க அண்ணன் வீடு நாலாவதுல இருக்கு, அதானே? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"இருக்கு சார். இல்லன்னாலும் இதையேதான் கேட்டிருப்பேன். அந்த லைன்ல முந்நூறு வீடு இருக்கு. பாதிப் பேர் தகரக் கூரைக்குக் கீழ காலையில இருந்து வேகுறாங்க. உங்களுக்கு முந்நூறும் ஒரு நம்பர்தான்."

ரிசீவரை மேசைமேல் வைத்தாள். எழுந்துபோய் முதலாவது ஃபீடரின் கைப்பிடியைத் திருகினாள். டக்கென்ற ஓசையுடன் அளவுமானியின் முள் சுழியத்தில் விழுந்தது. "முறைப்பட்டியலின்படி முதலாவது ஃபீடர் நிறுத்தப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதி, நேரம் குறித்து, காகிதம் கிழியும்படி அழுத்திக் கையொப்பமிட்டாள்.

மேசைமேல் ரிசீவர் கத்திக்கொண்டிருந்தது. "ஏய்! இங்க ஒரே இருட்டு! என்ன பண்ணித் தொலைச்ச?"

அவள் ரிசீவரை எடுத்தாள். "சன்னலத் திறங்க சார். வெயில் எக்கச்சக்கமா இருக்கு."

"அரை மணில வேற ஆள அனுப்புறேன். உன் சீட்டக் கிழிக்கல, பாரு!"

"ஆள எதுக்கு சார் அனுப்புறீங்க? நீங்களே வாங்க. வர்ற வழியில எங்கண்ணன் மூக்குல இருக்கிற குழாய ஒரு தடவ பாத்துட்டு வந்து, உங்க கையாலயே நாலாவத நிறுத்துங்க."

மறுமுனையில் அவர் ரிசீவரை அறைந்து வைத்தார். அவர் வரமாட்டார், ஆனால் ஆளை அனுப்பிவிடுவார். அவள் அண்ணியை அழைத்தாள்.

"அண்ணி, மெஷின் ஓடுதா?"

"ஓடுது. ஏன், குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"அரை மணி நேரம்தான் என் கையில இருக்கு. அதுக்குள்ள அண்ணன ஜெனரேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அப்புறம் இந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பாங்க."

"அடிப்பாவி! என்னடி பண்ணின? உன் வேலை?"

"என்னைய அப்புறம் திட்டலாம். முதல்ல வண்டியக் கூப்பிடுங்க அண்ணி."