காலி நாற்காலியில் உட்கார்ந்த டைரக்டர்

மேடையில் மதிவதனி ஒருத்தியே நான்கு பேர்: அண்ணன், தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்கள் ஓட்டிவந்த ஆடு. குடவாசல் ‘கிச்சுகிச்சு’ குழுவின் பதினொரு குட்டி நாடகங்களில் ‘பட்டா மாறுதல்’தான் உச்சம். அதிகாரி இருக்கமாட்டார். காலி நாற்காலியிடம் மனுவை நீட்டிவிட்டு நால்வரும் அடித்துக்கொள்வார்கள். அவள் வேஷம் மாற்றி மாற்றி ஓடும் வேகத்தில் மீசை ஆட்டுக்குப் போய்விடும். கூட்டம் உருண்டு புரளும்.

பதினொன்றையும் சேர்த்துப் படமாக எடுக்க வந்த டைரக்டர் பரணிதரன், முதலில் ‘பட்டா மாறுத’லை எடுத்துக்கொண்டு, “சினிமால நீங்க ஓடவே வேணாம் மேடம். நாலு பேரையும் தனித்தனியா எடுத்து ஒட்டிடலாம்” என்றார்.

பழைய ரைஸ்மில்லில் இரண்டு நாள் எடுத்தார்கள். ஒட்டிய காட்சியை மானிட்டரில் போட்டபோது லைட்மேன்கூடச் சிரிக்கவில்லை. நால்வரும் சுத்தமாக, ஒழுங்காக இருந்தார்கள்; மீசை உரியவர் மூக்குக்குக் கீழேயே இருந்தது. மதிவதனிக்குத் தன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தாள். கேமராமேன் ஜெய்னுலாபுதீனிடம், “பாய், சும்மா ஓடவிட்டு வைங்க” என்று கண்ணடித்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. மீசை தம்பி பெண்டாட்டிக்குத் தாவி, ஆட்டுக்குப் போனபோது சேற்றுக்காலோடு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சத்தம் கேட்டு, சாம்பார் கையோடு ஓடிவந்தார் பரணிதரன்.

“கட்! கட்!”

மதிவதனி அவரை அப்படியே இழுத்துக் காலி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“கும்பிடுறேங்கய்யா. நாலு வருஷம் கழிச்சு சீட்டுக்கு வந்திருக்கீங்க. எதைக் கட்டச் சொல்றீங்க? மாட்டையா, மூட்டையையா?”

“ஐயோ, கட்டுங்க!”

“மாடு இல்லீங்க, ஆடுதான் இருக்கு. மே!”

அவர் விழித்த விழிப்பில் ஜெய்னுலாபுதீனின் தோளே குலுங்கியது. ஆனால் கேமரா மட்டும் அசையவில்லை.

மறுநாள் காலையில் மானிட்டர் முன்னால் ஐந்தாவது தடவையாக அதே காட்சியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பரணிதரன், “மிச்சம் பத்தையும் இப்படியே எடுத்துடலாங்க” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

தஞ்சாவூர் தியேட்டரில் படம் ஓடிய முதல் நாள், நடவுப் பெண்களோடு மதிவதனியும் போய் உட்கார்ந்தாள். டைரக்டரின் முகம் வந்ததும் கூரை அதிர்ந்தது. மேடையாக இருந்தால் சிரிப்பு அடங்கும்வரை நிறுத்தியிருப்பாள். திரையிலிருந்த மதிவதனிக்கு அந்தப் பொறுமை இல்லை, கடகடவென்று அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள். ஒருவர் காதிலும் விழவில்லை.

தாங்கமுடியாமல் எழுந்து நின்றாள். “இருங்க, இருங்க! அவ என்ன சொன்னான்னா…” என்று தியேட்டருக்கே கேட்கும்படி அந்த வசனத்தைச் சொன்னாள்.

அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அதற்கடுத்த வசனமும் போயிற்று.