இன்னும் சத்தமா

இசைத்தட்டின் விளிம்பில் முள்ளை இறக்கிவிட்டு லொரெய்ன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். டெரிக் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கில் செருகிய குழாயில் ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் இரும்பு வார்க்கும் பவுண்டரியின் புழுதியைத் தின்ற நுரையீரல். இன்றோ நாளையோ என்று காலையில் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் பர்மிங்காம் அரங்கில் ஒரு ராக் குழு பாடப் பாட மேடையிலேயே பதிவுசெய்த இரட்டைத் தட்டு அது. மூன்றாம் பக்கத்தில், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், கூட்டத்திலிருந்து ஒருவன் கத்துவான்: "இன்னும் சத்தமா!" அரங்கமே சிரிக்கும். அது தன் குரல் என்பார் டெரிக். லொரெய்ன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்காகவே மதுக்கடையில் அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு.

சித்தப்பா க்ளைவ் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். "இதோ வரப்போவுது, கேளு டெரிக்."

குரல் வந்தது. சிரிப்பும் வந்தது.

"நீதான்டா கத்துன," என்றார் டெரிக்.

க்ளைவ் கேட்கும் கருவி மாட்டிய காதைச் சாய்த்தார். "என்னம்மா சொல்றான்?"

"நீங்கதான் கத்துனீங்களாம், சித்தப்பா."

"நான் போகவே இல்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் டெரிக் மூச்சைத் தேடினார். "ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வரலன்னு... ஃபோர்மேன் என்னைய நிறுத்தி வச்சுட்டான். டிக்கெட்டு பையிலயே கெடந்துச்சு."

லொரெய்ன் சித்தப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்து சீட்டு காலியாதானம்மா இருந்துச்சு." க்ளைவ் குரலைத் தாழ்த்தினார். "அவன்கிட்ட வேற என்ன இருந்துச்சு? அந்தப் பேரையாவது வச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவருடைய தாழ்ந்த குரலே தெருவுக்குக் கேட்கும்.

"அதனால என்னப்பா, விடுங்க," என்று லொரெய்ன் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அத நிறுத்து."

இசைத்தட்டை நிறுத்தினாள். டெரிக் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரைமணி கழித்து உதட்டை நனைக்கப் பஞ்சும் தண்ணீரும் எடுத்து வந்தாள். மார்பு அசையவில்லை. கன்னத்தைத் தொட்டாள். ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்தாள்.

"சித்தப்பா."

க்ளைவ் அண்ணனைப் பார்த்தார். காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டார். மூடிய விரல்களுக்குள் அது மெல்லக் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.