மண்ணில் கிடந்த தையல்

1

இந்தக் கதை ஒரு ரோஜாத் தொட்டியிலிருந்து வந்தது. பெரிய இடத்துப் பெண்மணி ஒருவர் வீடு மாறும்போது தன் தொட்டிகளையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் ஒன்று வந்தது. செடி தொட்டிக்கு மீறி வளர்ந்திருந்ததால் வேறு தொட்டிக்கு மாற்றலாமென்று கவிழ்த்தேன். மண் கறுப்பாக, டீத்தூள் மாதிரி உதிர்ந்தது. வேரோடு வேராகப் பின்னிக்கொண்டு ஒரு ஆரஞ்சு நூல். மெல்லப் பிரித்து எடுத்துப் பார்த்தால் அது வெறும் நூல் இல்லை, தையல். துணியின் ஓரம் பிரியாமலிருக்க வளைத்து வளைத்து அடிப்பார்களே, அந்தத் தையல். துணியை மட்டும் காணோம்.

உண்மை இவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மண்புழு உழவனின் நண்பன்.’

அடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதியதுதான். அதோடு, இது என்ன நட்பு? நாம் வேண்டாமென்று தள்ளியதை அதற்குத் தின்னக் கொடுக்கிறோம். அது போட்டதை அள்ளிக்கொண்டு வருகிறோம். இந்த மாதிரி நண்பர்கள் எனக்கும் இரண்டு மூன்று பேர் உண்டு, அவர்களிடம் மண்புழு நான்.

இரண்டாவது தொடக்கம்: ‘புருஷனை இழந்த தங்கை, தையல் மெஷினோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அவள் கண்களில்’

(கண்களில் என்ன? சோகம் என்று எழுதப் போனேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கண்ணில் வியர்வைதான் இருந்திருக்கும். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

3

அண்ணன் அன்றைக்குச் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

“இது உன் வீடும்மா. பின்பக்க ரூம்ல இருந்துக்கோ. கொல்லை பூரா உனக்குத்தான், என்ன வேணா பண்ணிக்கோ.”

தாராள மனசு என்று நினைக்காதீர்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கொட்டி மூடிய கொல்லை அது. புல்லே யோசித்துத்தான் முளைக்கும். ஓரத்தில் ஓடாத வாஷிங் மெஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

அவள் அந்த மெஷினின் டிரம்மைக் கழற்றினாள். சுற்றிலும் ஓட்டை, தண்ணீர் தேங்காது. அடியில் கிழித்த அட்டை, மேலே பழைய சாணம், அதில் ஒரு கை மண்புழு, மூடுவதற்கு ஈரச்சாக்கு. அண்ணி நறுக்கிப்போட்ட காய்த்தோல்களைக் கொஞ்சம் அழுகவிட்டுப் போட்டாள். அளவெடுத்து வெட்டி வைத்திருந்த பழைய காகிதங்களை, இனி வராத வாடிக்கையாளர்களின் தோளையும் இடுப்பையும், கிழித்துப் போட்டாள். வெட்டு மிச்சங்களில் பருத்தித் துணியை மட்டும் விரலால் தடவிப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள்.*

உரம் ஆனதும் சாக்கை எடுத்துவிட்டு வெயில் படும்படி வைப்பாள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் கீழே இறங்கிவிடும். மேலாக வழித்து எடுப்பாள், கொஞ்சம் பொறுப்பாள், மறுபடி வழிப்பாள். அதைக் கை கையாக அந்தக் கொல்லைக்குத் தின்னக் கொடுத்தாள். கட்டியாக இருந்த மண் பொலபொலவென்று ஆனது. தக்காளி வந்தது, கத்தரி வந்தது. யாருக்கும் பாரமில்லாமல் இந்த வீட்டில் தனக்கென்று ஒரு இடம் வந்துவிட்டது என்று அவள் நம்பினாள். எனக்கு அவளைப் பார்த்தால் கோபம் வருகிறது, இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க வேண்டாம்.

(* பருத்தி மக்கும். அதைத் தைத்த பாலியஸ்டர் நூல் மக்காது. துணியைத் தடவிப் பார்த்துப் பிரித்தவளுக்கு நூல் ஞாபகம் வரவில்லை. நாளெல்லாம் நூலோடு கிடப்பவளுக்கு நூல் கண்ணில் படுவதில்லை. இது தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அதனால்தான் அவளைத் தையல்காரியாக்கினேன்.)

4

அண்ணனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் ஆபீசுக்கு லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போகிற ஆள். கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும், ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேலாளர் மனைவியோடு சாப்பிட வந்தார். கை கழுவக் கொல்லைப்பக்கம் போன அந்த அம்மாள் அங்கேயே நின்றுவிட்டார்.

“இந்த இடத்துல எப்படி சார் இவ்வளவு நல்லா வருது?”

“மண்புழு உரம் மேடம். லீவு நாள்ல ஏதோ நம்மால முடிஞ்சது.”

தங்கை தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில்தான் நின்றாள். அண்ணி தரையைப் பார்த்தாள்.

“தங்கச்சியும் கூடமாட உதவி பண்ணுவாங்களா?”

“அவளுக்குத் தைக்கவே நேரம் பத்தாது.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் தவறி வந்ததுதான். ஆனால் வாய் தவறினால் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் தவறுகிறது. என்னிடம் ரோஜா இருக்கிறது, எதுவுமே வரமாட்டேன் என்கிறது என்று அந்த அம்மாள் சொல்ல, அண்ணன் மேல்மண் முழுவதையும் டிரம்மோடு அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் போனதும் தங்கை சொன்னாள்.

“அண்ணா, மேல்மண்ணு போயிட்டா செடி நிக்காது.”

“மண்ணுதானேம்மா. உனக்குத்தான் பண்ணத் தெரியுமே, மறுபடி பண்ணிக்கோ.”

“நான் பண்ணினேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“யார் பண்ணினா என்ன? ஒரே வீடுதானே.”

வந்த அன்றைக்கு அது அவள் வீடாக இருந்தது. இன்றைக்கு ஒரே வீடாகிவிட்டது.

5

இந்தப் பகுதியை நான் எழுதியிருக்கக் கூடாது. அவளுக்கு இவ்வளவு வேண்டாம் என்று இரண்டு முறை கிழித்தேன். கையில் அந்த நூல் இருக்கும்போது வேறு வழி தெரியவில்லை.

மண்ணைச் சாக்கில் அள்ளும்போதுதான் அண்ணன் கவனித்தார்.

“இதென்ன, நூலு நூலா வருது? அவங்க பாத்தா அசிங்கமா இருக்கும். கொஞ்சம் உக்காந்து பொறுக்கிடும்மா.”

அவர் தெரிந்து சொன்னாரா? இல்லை. அந்த மண்ணில் அவள் பேர் எழுதியிருந்தது அது ஒன்றில்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் சல்லடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீலம், பள்ளிச் சீருடை. வெள்ளை, யாரோ தலையணை உறை. துணியெல்லாம் புழுவின் வயிற்றுக்குள் போய்விட்டது, அவள் போட்ட தையல் மட்டும் வளைவு குலையாமல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள். சற்று நேரத்தில் அண்ணியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

“இந்த ஆரஞ்சு, என் நைட்டிதானே?”

“ஆமா அண்ணி.”

“அன்னைக்கு அவங்க முன்னாடி நான் வாயத் திறந்திருக்கணும்.”

“திறந்திருந்தா?”

அண்ணி சல்லடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) ரோஜா பட்டுப்போகிறது, மேலாளர் மனைவி காரணம் கேட்கிறார், அண்ணன் தங்கையிடம் வந்து நிற்கிறார். உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் மண்புழு உரத்துக்குப் பழிவாங்கத் தெரியாது. எந்த வேர் வந்தாலும் கொடுக்கும். ரோஜா பூத்தது. அண்ணனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததா என்று கேட்காதீர்கள், கிடைத்தது.

ஆ) டிரம் போவதற்கு முன் அவள் அதில் வெந்நீரை ஊற்றுகிறாள். கொதிக்கக் கொதிக்கத் தூக்கிக்கொண்டு வரவைத்தேன். சாக்கை விலக்கினாள். வழக்கம்போல வெளிச்சத்துக்குப் பயந்து எல்லாம் கீழே இறங்கின. எவ்வளவு சொல்லியும் அவள் ஊற்றவில்லை. “இதுங்க என்ன பண்ணுச்சு?” என்றாள். தண்ணீரை ஆறவைத்துக் குளித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

இ) மெஷினைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியேறுகிறாள். வாசல் வரை வந்துவிட்டாள். அங்கிருந்து

(அங்கிருந்து எங்கே என்று அவள் என்னைக் கேட்டாள்.)

7

மண் போய்விட்டது. கொல்லையில் செங்கல் துண்டுகள் மறுபடி தலைகாட்டின. என்னிடம் இருப்பது ஒரு சாண் ஆரஞ்சுத் தையல்.

கறுப்பு மண்ணில் ஆரஞ்சு நிறம், அதுவும் ஒரு சாண், ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிறவள் கண்ணுக்குத் தப்புமா? தப்பியிருக்கலாம், அன்றைக்குக் கண் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். வேண்டுமென்றே அவள் விட்டிருக்கலாம். அல்லது, அன்றைக்குத் திறக்காத வாய்க்குப் பதிலாக அண்ணி விட்டிருக்கலாம். யார் விட்டிருந்தாலும் அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தது நான். எனக்கு அவளைத் தெரியாது.

புதுத் தொட்டியில் ரோஜா நன்றாகப் பிடித்துக்கொண்டது. இப்போது என் வாசல் முழுக்கப் பூ. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நேற்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்:

“அடேயப்பா, யாரு வெச்சது?”

நான் வாயைத் திறந்தேன்.

அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது, அவள் சொம்போடு பக்கத்தில் நிற்கிறாள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.