இரு நாடுகளும் விரும்பிய பிள்ளை

1914 ஜூலை பதினான்கு, பிரான்சின் தேசிய விழா நாள். அர்ஜென்டினாவின் பம்பா சமவெளியில் எலும்பைக் கடிக்கும் குளிர்காலம். பிரெஞ்சுக் குடியேறிகளின் சங்கக் கூடத்தில் துணைத்தூதர் முசியே தெல்மாஸ் முக்கால் மணி நேரமாக முழங்கிக்கொண்டிருந்தார்.

"கடல் தாண்டிப் போன ஒரு பிள்ளையக்கூட பிரான்ஸ் மறக்கிறதில்ல!"

அடுப்படியில் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டிருந்த மார்சலினுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவள் மகன் பிர்மினை அது மறக்கவில்லையே! அர்ஜென்டினாவில் பிறந்து வளர்ந்தவன், சாகக் கிடந்த தாத்தாவைப் பார்க்கப் பிரான்சுக்குப் போனான். போர்தோ துறைமுகத்தில் கால் வைத்ததும், கட்டாயப் படைச்சேவைக்கு டிமிக்கி கொடுத்தவன் என்று பிடித்துப் படைமுகாமில் போட்டுவிட்டார்கள்.

பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். இருபத்தோரு வருஷத்துக்கு முன், கைக்குழந்தையோடு இரண்டு நாள் வண்டியில் குலுங்கிப் போய், தூதரகப் பதிவேட்டில் அவனைப் பிரெஞ்சுக் குடிமகனாக எழுதிவைத்தாள். அப்போதிருந்த துணைத்தூதர் எழுந்து நின்று ஒரு கிண்ணம் ஒயின் கொடுத்தார். பக்கத்துப் பண்ணை பிளேஸ் சோம்பேறி, எதையும் பதியவில்லை. அவன் மகன் பிரான்ஸ் போய், பெண் கட்டி, அவளோடு திரும்பியும் வந்துவிட்டான்.

எட்டு மாதமாக இரண்டு அரசாங்கங்களும் கடிதம் எழுதின. எங்கள் பிள்ளை என்றது அர்ஜென்டினா. இல்லை, எங்கள் பிள்ளை என்றது பிரான்ஸ். ஒவ்வொரு கடிதமும் மிக உயர்ந்த மரியாதையோடுதான் முடிந்தது.

சாப்பாடு முடிந்ததும் தெல்மாஸ் அவளைக் கூப்பிட்டார். போரில் வென்று வந்த முகம்.

"மதாம், தீர்ந்துபோச்சு! ரெண்டு தரப்புக்கும் கௌரவம் குறையாம."

"எப்பங்க வர்றான்?"

"கேளுங்க. நம்ம உரிமைய அவங்க ஒத்துக்கிட்டாங்க, அவங்க உரிமைய நாம ஒத்துக்கிட்டோம். அங்க மூணு வருஷம் படையில இருக்கணும். திரும்பி வந்ததும் இங்க ஒரு வருஷம்."

தட்டை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்த பிளேஸ் சிரித்தான். "உன் மகனுக்கு என்ன கிராக்கி, மார்சலின்! என் பயல ஒரு நாய்கூடச் சீந்தலயே."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கையிலிருந்த கரண்டியில் கிழங்கு காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கவலைய விடுங்க. ஐரோப்பாவுல சண்டையா, சச்சரவா? நல்லாத் தின்னு கொழுத்து வருவான்" என்று தெல்மாஸ் பதிவேட்டைத் திறந்தார். வருஷம் தவறாமல் விழாவுக்கு அதையும் தூக்கி வருவார். வருங்காலச் சிப்பாய்களின் எண்ணிக்கை கூடினால்தான் பாரிசில் அவருக்கு மதிப்பு. "உங்க மக ரொசாலிக்குக் குழந்த பொறந்திருக்காமே? என்ன குழந்த?"

மூலையில் ரொசாலி, பத்து நாள் ஆண்குழந்தையைப் போர்வைக்குள் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணுங்க" என்றாள் மார்சலின்.

அந்தப் பையனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்ற பிளேஸ் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மீதி ரொட்டியை அதற்குள் போட்டுக்கொண்டான்.

"சரி, அடுத்தது பையனா பொறக்கட்டும்!" தெல்மாஸ் பதிவேட்டை மூடிவிட்டு, ஒரு கிண்ணம் ஒயினை அவள் பக்கம் தள்ளினார்.

மார்சலின் அதை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவத் தொடங்கினாள்.