வலது ஓரத்துச் செடி

காலை பத்தரை மணிக்கு, முன்தோட்டத்தின் வலது ஓரத்தில் அந்தப் பூவை ஆல்ட்யே பார்த்தாள். சுற்றிலும் நாற்பது துலிப் செக்கச்செவேல் என்று நிமிர்ந்து நிற்க, அது ஒன்றின் இதழில் மட்டும் வெளுத்த மஞ்சள் வரிகள் ஓடியிருந்தன. வெளியூர்க்காரன் கண்ணில் பட்டால் படம் பிடித்துக்கொண்டு போவான். ஹாலந்தின் துலிப் ஊரான பிரேசாண்டில் பிறந்தவர்களுக்கு அது அழகில்லை, வியாதி. அசுவினிப் பூச்சி இதில் உறிஞ்சிவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தால் போதும், பாத்தியே பாழ். அதுவும் இந்த வீட்டு வாசலில்!

அவள் கணவன் சீம் முப்பத்தெட்டு வருஷம் துலிப் கிழங்கு வயல்களில் நோய் தேடியவன். வரிசை வரிசையாகக் குனிந்து நடந்து, கெட்ட செடியைக் கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வேலை. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. வலது பக்கப் பார்வையும் போயிற்று. அதிகாரம் மட்டும் போகவில்லை. திரைச்சீலை இல்லாத முன் சன்னலோரம் உட்கார்ந்து, காபிக் கரண்டியால் கண்ணாடியைத் தட்டித் தட்டி அவளை மேய்க்கிறான். இலையுதிர் காலத்தில் கிழங்கு ஊன்றியபோது ஆழம் போதவில்லை என்று ஒரு வரிசை முழுக்க மறுபடி தோண்ட வைத்தான். வாடின தலையைக் கிள்ளு, இலையைத் தொடாதே, அது தானாக மஞ்சளாகட்டும். பதினேழு மாதமாக இதே பாட்டு. கடைக்குப் போய் வருவதைத் தவிர ஆல்ட்யே தெருமுனையைத் தாண்டியதில்லை. மூச்சு முட்டியது அவளுக்கு.

பதினோரு மணிக்குப் பராமரிப்பு இல்லத்திலிருந்து போன் வரும். திங்கள் முதல் இரண்டு வாரம் அங்கே ஒரு கட்டில் காலி. புருஷனை அங்கே விட்டுவிட்டு டெர்ஸ்கெலிங் தீவுக்கு, தங்கை வீட்டுக்குப் போகலாம். இன்று சரி என்று சொல்லாவிட்டால் கட்டில் அடுத்தவருக்கு. சீமிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது இந்தப் பூவைச் சொன்னால் கதை முடிந்தது. இனி மூன்று வாரம் ஒவ்வொரு இலையையும் காவல் காப்பான். குண்டுக்கட்டாகத் தூக்கினாலும் நாற்காலியை விட்டு வரமாட்டான்.

பக்கத்து வீட்டு ரீயா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவள் வேலியருகே நின்றாள். அவளும் கிழங்குக் குடும்பம்தான், பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சீம் இத இன்னும் பாக்கலியா?"

அந்தப் பக்கம் சீமுக்குத் தெரியாது என்றாள் ஆல்ட்யே. ரீயா உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். மதியச் சாப்பாட்டுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

மண்வெட்டியை எடுத்தால் எதற்கு என்று கேட்பான். ஆல்ட்யே சன்னலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பூவை மட்டும் கிள்ளி ஏப்ரன் பைக்குள் போட்டாள். நோய்க் கிழங்கு மண்ணிலேயே இருந்தது. இப்படி ஒரு காரியத்தை அவள் ஆயுசில் செய்ததில்லை. வெட்கமாக இருந்தது.

உள்ளே வந்து அவன் கோப்பையை எடுக்கப் போனாள்.

"பூவக் கிள்ளினா ஆச்சா, ஆல்ட்யே? கெழங்கோட இல்ல எடுக்கணும்."

அவள் கை அப்படியே நின்றது. "எப்பப் பாத்த?"

"திங்கக்கெழம. தலையத் திருப்பினா தெரியுதே."

இன்று வியாழன். மூன்று நாளாக அந்தப் பூவுக்காகக் கண்ணாடியில் ஒரு தட்டுக்கூட இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"தங்கச்சிகிட்ட போன்ல பேசுனியே. காதுக்கு ஒண்ணும் ஆகல எனக்கு." சீம் மூச்சு வாங்கினான். "பூவச் சொன்னா நீ போக மாட்ட."

நாற்பது செடியும் போனால் போகட்டும் என்று இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சு இளக வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்ததோ கோபம். தடுத்திருந்தால், கத்தியிருந்தால், கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பாள். இப்போது எப்படிப் போவது?

"போயிட்டு வா" என்றான். பிறகு குரல் இறங்கி, "வருவல்ல?"

அவனுடைய இடது கை அவள் ஏப்ரன் ஓரத்தைப் பிடித்திருந்தது. இறுக்கமாக இல்லை; ஓரடி நகர்ந்தால் நழுவிவிடும். கூடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆல்ட்யே அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.