மை கலையாமல் அழுதவள்

தேவமலரோடு மர்மப் படம் பார்க்க அவளுடைய சொந்தத் தங்கையே வரமாட்டாள். பாதிப் படம் ஓடும் முன்பே கொலைகாரன் யாரென்று காதோரம் சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதும் இல்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு கிளினிக்கின் கவுண்டரில் அவளுக்கு வேலை. வயிற்றுவலி என்று சொல்லி எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்க வருகிறவர்களின் முகத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவள். பொய் முகத்தில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கணவன் காந்தனுக்குத் திரையில் பறக்கிறவர்கள்தான் வேண்டும். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மேலங்கி காற்றில் படபடக்க ஒருவன் வானத்திலிருந்து இறங்கினால் போதும், சின்னப் பிள்ளை மாதிரி நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான்.

"ஊரைக் காப்பாத்துறேன்னு சொல்லி ஊரையே இடிச்சுத் தள்ளுறான். அதெல்லாம் யாருங்க கூட்டிப் பெருக்குறது?" என்று தேவமலர் கேட்பாள்.

"வாரம் பூராவும் பாரம் தூக்குறது நானு. ஞாயித்துக்கிழமை வேற ஒருத்தன் ஒத்தக் கையில லோரியத் தூக்குனா, பாக்க நல்லாதான் இருக்கு," என்பான் காந்தன். "உன் படத்துல என்னா இருக்கு? எல்லாரும் கதவுக்குப் பின்னால நின்னு மூச்சு வாங்குறாங்க. அவ்ளோதான்."

அதனால் ஒரு ஞாயிறு அவன் படம், அடுத்த ஞாயிறு அவள் படம் என்று முறை வைத்திருந்தார்கள். அவள் முறை வந்தால் காந்தன் பாப்கார்னைத் தின்று முடித்துவிட்டுத் தூங்கிவிடுவான்.

அந்த ஞாயிறு அவளுடைய முறை. குருபோங்கில் இருக்கும் வீட்டில் துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு, மதியக் காட்சிக்கு இருவரும் போனார்கள். மலைமேல் ஒரு பங்களா. பெரிய பணக்காரர் ஒருவர் தேநீரில் விஷம் கலந்து கொல்லப்படுகிறார். வீட்டில் பக்கவாதத்தில் விழுந்து சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவி, அவருடைய அக்காள் மகள், குடும்ப டாக்டர், டிரைவர். திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வந்து, இந்த ஊர் வழக்கப்படி ஒரு நொடிகூட நிற்காமல் படம் ஓடியது. தேவமலர் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். சொல்ல வாயெடுத்துத் திரும்பினால், காந்தனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கூடத்தில் நிறுத்தினார். "கொலையைச் செய்தது..." என்று விரலை நீட்டினார்.

திரை இருண்டது. ஏர்கோனின் குளிர்காற்றும் நின்றது.

"அலாமாக்!" என்று யாரோ கத்த, அரங்கமே சேர்ந்து புலம்பியது. அவசர விளக்குகள் எரிந்தன. வேலை செய்யும் மலாய்ப் பெண் ஒருத்தி ஓடிவந்து, கட்டடத்துக்கே மின்சாரம் போய்விட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து எல்லாரையும் பார்த்துத் திரும்பினார். "இதுல என்னா இருக்கு? டாக்டர்தான் செஞ்சான். விஷம் அவன்கிட்டதான இருக்கும்?"

"அது ரொம்ப ஈசி லா அங்கிள்," என்றாள் நடு வரிசையில் ஒரு கல்லூரிப் பெண். "டிரைவர்தான். படம் பூரா அவன் ஒண்ணுமே பேசல, பாத்தீங்களா?"

தேவமலரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்தாள். முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் பேசிப் பழக்கமில்லாதவள்தான். ஆனால் இருட்டு தைரியம் கொடுத்தது.

"டாக்டரும் இல்ல, டிரைவரும் இல்ல. அக்கா மகதான். சாவு வீட்டுல அவ அழுதா, கவனிச்சீங்களா? கண்ணு மை கொஞ்சங்கூடக் கலையல. நெஜமா அழுதா மை கன்னத்துக்கு வந்துரும். அவ முன்னாடியே எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிக்கிட்டு அழுதிருக்கா."

பெண்களிடமிருந்து கைதட்டல் எழுந்தது. "ஆமா, அக்கா சொல்றது சரி!" என்றாள் கல்லூரிப் பெண், டிரைவரை அந்த நிமிடமே கைவிட்டு.

"அது வாட்டர்ப்ரூப் மையா இருந்தா?" என்று முன்வரிசைக்காரர் விடவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் காந்தன் விழித்தான்.

"படம் முடிஞ்சிருச்சா?"

"கரண்டு போச்சுங்க. கொலகாரன் யாருன்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

"அண்ணே, நீங்க யாருன்னு நெனைக்கிறீங்க?" என்று முன்வரிசைக்காரர் கேட்டார்.

காந்தன் கண்ணைக் கசக்கினான். "எனக்கு என்னா தெரியும்? ஆனா பறக்கிற ஆளு ஒருத்தன் இருந்திருந்தா மேல நின்னு எல்லாத்தையும் பாத்திருப்பான். நம்மளும் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

இந்தமுறை சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது. கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தார்கள். அக்காள் மகளுக்குத்தான் அதிகம். தேவமலர் ஜெயித்த கட்சித் தலைவி மாதிரி உட்கார்ந்தாள்.

மின்சாரம் வந்தது. இன்ஸ்பெக்டரின் விரல் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது. டாக்டரைக் கடந்தது, டிரைவரைக் கடந்தது. அக்காள் மகளிடம் ஒரு நொடி நின்றது. தேவமலர் காந்தனின் கையை இறுகப் பிடித்தாள். விரல் அக்காள் மகளையும் கடந்து, சக்கர நாற்காலியில் போய் நின்றது.

பக்கவாதக்காரி மெல்லச் சிரித்தாள். போர்வையை விலக்கினாள். எழுந்து நின்றாள்.

அரங்கம் அலறியது. காந்தன் நாற்காலி நுனிக்கே வந்து, விரலை வாயில் வைத்து விசிலடித்தான். "பாருடி மலரு! பாத்தியா! எழுந்துட்டா!"

மை பற்றித் தேவமலர் சொன்னது சரிதான். அந்தப் பெண்ணுக்கு மாமாவைப் பிடிக்காது, அழுகை வரவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று படமே சொன்னது. ஆனால் நாற்காலியில் இருந்தவளை அவள் ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை. உடம்பு பூராவும் சிலிர்த்திருந்தது. எத்தனை படம் பார்த்திருக்கிறாள்! எல்லாவற்றிலும் முடிவு வரும்போது, தெரிந்த விஷயத்தை இன்னொருவர் வாயால் கேட்பது போலத்தான் இருக்கும். இன்றுதான் படம் அவளை ஏமாற்றியது. ஏமாறுவது இவ்வளவு சந்தோஷமா? வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

வெளியே வந்தபோது முன்வரிசைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். பெயர் புவனேஸ்வரன், பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாராம். "அக்கா, நீங்களும் அவுட்டு, நானும் அவுட்டு. வாங்க, தே தாரேக் குடிப்போம்," என்றார். கல்லூரிப் பெண் அகல்யாவும் சேர்ந்துகொண்டாள்.

கீழ்த்தள உணவுக் கடையில் நாலு பேரும் நுரை பொங்க ஆற்றிய தேநீரோடு ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். பக்கவாதக்காரி எப்படி நடித்தாள், தேநீரை எப்போது மாற்றினாள் என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள். அடுத்த வாரம் மேலங்கிக்காரன் படம் ஒன்று வருகிறது, நாமெல்லாம் சேர்ந்து போகலாமா என்று அகல்யா கேட்டாள்.

"அது என்னோட முறை!" என்றான் காந்தன் முகமெல்லாம் மலர்ந்து.

"போலாம். ஆனா எனக்கு ஒண்ணு புரியல," என்றாள் தேவமலர். "அவனுக்கு அவ்ளோ சக்தி இருக்குல்ல, அப்புறம் ஏன் எப்பவும் அடி வாங்கிட்டுத்தான் எழுந்துக்கிறான்?"

"அடி வாங்கலன்னா நமக்கு எப்படி விசிலடிக்கத் தோணும்?" என்றான் காந்தன்.

தேவமலர் யோசித்தாள். சரியாகத்தான் தோன்றியது. ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

காந்தன் ரொட்டிச் சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான். பிறகு கையை அப்படியே நிறுத்திக்கொண்டு கேட்டான்: "அது சரி, அந்தம்மா யாரு? எதுக்கு நாக்காலியில உக்காந்திருந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.